மாரடைப்பு என்று எழுதினேன்

எங்கள் பக்கத்தில் மாரடைப்பு மரியாதையான சாவு. "சாப்பிட்டுக் கை கழுவுனாரு, அப்படியே சாஞ்சிட்டாரு" என்று சொன்னால், கேட்கிறவர் தலையை ஆட்டிக்கொண்டு, கொடுத்து வைத்த மனுஷன் என்பார். வயிற்றில் கட்டி என்று சொன்னால் அதே ஆள் குரலைத் தாழ்த்தி, "அவிய வீட்ல வேற யாருக்கும் உண்டுமா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் என் அப்பாவின் சாவைத் திருத்தி எழுதினேன். அதை நான் மட்டும் செய்யவில்லை, அம்மாவும் கூட இருந்தாள் என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். எழுதிய கை என்னுடையது.

கோவில்பட்டியில் விதையும் உரமும் விற்கிற கடை எங்களுடையது. அப்பா வைத்தது. புரட்டாசியில் மழை இறங்கி, கரிசலில் கால் வைத்தால் செருப்போடு மண்ணும் ஏறிவருகிற நாட்களில் கடையில் மூச்சுவிட நேரம் இருக்காது. அப்படி ஒரு விதைப்புச் சமயத்தில்தான் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. இரண்டு வாய் உண்டதும் போதும் என்று இலையை மூடிவிடுவார். வேலை மும்முரத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை. பொங்கலுக்குள் வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டார்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்கள். இரைப்பையில் புற்று, எல்லா இடமும் பரவிவிட்டது என்று வராந்தாவில் வைத்து என்னிடம் சொன்னார்கள். அப்பாவிடம் அல்சர் என்று சொன்னேன். அவர் நம்பினாரா தெரியாது. ஒருநாள் கஞ்சியை வாங்கி வைத்துக்கொண்டு, "எங்க அக்காவுக்கும் இப்படித்தாம்ல. ரெண்டு வாய்க்கு மேல எறங்காது" என்றார். ஓட்டப்பிடாரத்தில் வாழ்க்கைப்பட்ட அந்த அத்தை நாற்பது வயதில் போய்விட்டாள். வயிற்றுப் புண், மிளகாய் வற்றலை அள்ளிப் போட்டுத் தின்றதால் வந்தது என்று எல்லாரும் சொல்ல நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்பா அன்று சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்டு மனதில் எங்கேயோ போட்டு மூடினேன்.

தங்கச்சிக்கு அப்போது இருபத்தொரு வயது. விளாத்திகுளத்தில் ஒரு இடம் பேசி, ஏறக்குறைய முடிந்திருந்தது. அப்பா இறந்த அன்று காலை, அழுதுகொண்டிருந்த அம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்தாள்.

"ஏலே, கட்டின்னு மட்டும் வாயத் தொறந்துறாத. ஒரு பொட்டப்புள்ள வீட்ல இருக்கு. பரம்பரைச் சீக்குன்னு பேரு கட்டிவிட்டுட்டானுவன்னா யாரு வந்து கட்டுவா?"

நான் பி.எஸ்சி. தாவரவியல் படித்தவன். பட்டாணிச் செடியில் நெட்டை எப்படி, குட்டை எப்படி என்று கட்டம் போட்டுப் பரீட்சை எழுதித் தேறியவன். ஆனால் அன்று எனக்குத் தோன்றியதெல்லாம், புற்று பரம்பரையாக வரும் என்பது படிக்காத ஜனங்களின் பேச்சு, அந்தப் பேச்சிலிருந்து தங்கச்சியைக் காப்பாற்றுவது அண்ணன் கடமை என்பதுதான். பொய் சொல்லப்போகிறவனுக்கு இப்படி ஒரு நியாயம் கையில் கிடைத்தால் போதும். அச்சகத்துக்குப் போனேன். கண்ணீர் அஞ்சலிப் போஸ்டருக்கு நான்தான் வாசகம் எழுதினேன். "திடீர் மாரடைப்பால் எங்களை விட்டுப் பிரிந்தார்." கீழே, "துயரத்துடன் குடும்பத்தினர்." நன்றாக வந்திருக்கிறது என்று அச்சகத்துக்காரரே சொன்னார். மதியத்துக்குள் பஸ் ஸ்டாண்டுச் சுவரிலிருந்து எங்கள் தெருமுனை வரைக்கும் ஒட்டியாகிவிட்டது.

தங்கச்சிக்கும் அதையேதான் சொன்னோம். அல்சருக்கு ஆபரேஷன் செய்தது, உடம்பு தேறாமல் இருந்தது, கடைசியில் இதயம் நின்றது. அவள் நம்பினாள். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தபோதும் நான் தடுமாறவில்லை. கூடவே கொஞ்சம் ஜோடித்தேன். மோர்ச்சோறு சாப்பிட்டாக, தண்ணி கேட்டாக, நான் செம்பை எடுத்துட்டு வாறதுக்குள்ள சாஞ்சிட்டாக. வருஷம் திரும்புமுன் கல்யாணம் நடக்க வேண்டும் என்பது முறை. நடந்தது.

ஆஸ்பத்திரி ஃபைலை எரிக்கச் சொன்னாள் அம்மா. ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று அப்பா போட்ட கையெழுத்து அதில் இருந்தது. நடுங்கி நடுங்கிப் போட்ட கையெழுத்து. அதை எரிக்க மனசு வரவில்லை. கடையில் பழைய விலைப்பட்டியல்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

தங்கச்சியின் புருஷன், என் மாப்பிள்ளை, மானாவாரி விவசாயி. மிளகாயும் பருத்தியும் போடுவார். விதைக்கு என் கடைக்குத்தான் வருவார், பாக்கெட்டைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார். "நீங்க குடுத்தாச் சரிதான் மச்சான்" என்பார். ஒரு வருஷம் பருத்தி விதை ஒரு லாட் முளைப்பு சரியில்லை என்று கேள்விப்பட்டதும், வாங்கிப்போன அத்தனை பேர் வீட்டுக்கும் பைக்கில் போய், விதைக்காதீர்கள் என்று சொல்லிவந்தேன். சுற்றுவட்டாரத்தில் எனக்கு அதனால் நல்ல பேர். விதையில் ஒரு பொய்யும் சொன்னதில்லை நான்.

போன வருஷம், தங்கச்சிக்கு நாற்பத்தைந்து முடிந்த சமயம், மாப்பிள்ளை அவளைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்தார். "கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு திம்முனு இருக்குண்ணே" என்றாள். நான்தான் டாக்டரிடம் கூட்டிப் போனேன். மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"குடும்பத்துல யாருக்காவது வயித்துல கேன்சர் இருந்துச்சா? இருந்தா உடனே டியூப் விட்டுப் பாத்துரலாம். இல்லேன்னா முதல்ல மாத்திரையில பாப்போம்."

தங்கச்சிக்குத் தெரியாது. இல்லை என்று தலையை ஆட்டினாள். மாப்பிள்ளை, "அவிய அப்பா ஹார்ட் அட்டாக்ல போனாக சார். வேற ஒண்ணும் கெடையாது" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க அண்ணனா? வேற யாருக்கும் இல்லையே?"

"இல்ல சார்" என்றேன்.

இந்த இரண்டு வார்த்தையைத்தான் நான் தினமும் கேட்கிறேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால், மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான். அத்தனை வருஷம் கழித்து அவர் முகத்துக்கு நேரே, மோர்ச்சோறு கதை பொய் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் டாக்டரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கடைக்கு வந்தேன், மக்காச்சோள விதை லோடு வந்து நின்றது, இறக்கினேன். மறுநாள் போகவில்லை. மாத்திரையில் கொஞ்சம் கேட்கிறது என்று அவள் போனில் சொன்னதும், பார்த்தாயா, வெறும் கேஸ் ட்ரபிள்தான் என்று தைரியமாகிவிட்டேன். அப்பாவுக்கும் முதலில் மாத்திரையில் கேட்டது. அது எனக்குத் தெரியும்.

ஐந்து மாதம் மாத்திரை சாப்பிட்டாள். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அவள் இரண்டு வாய் உண்டுவிட்டு இலையை மூடினாள். எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். மறுநாளே மதுரைக்குக் கூட்டிப் போனேன். இந்தத் தடவை நான் அவசரப்பட்டதைப் பார்த்து மாப்பிள்ளைக்கே ஆச்சரியம். "மச்சானுக்குத் தங்கச்சின்னா உசிரு" என்று யாரிடமோ போனில் சொன்னார். கேட்டுக்கொண்டுதான் பக்கத்தில் இருந்தேன்.

மதுரையில் பார்த்தது ஒரு பெண் டாக்டர். டியூப் விட்டு, சதை எடுத்துப் பரிசோதித்துவிட்டு, என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். "இந்த வயசுல இந்த வகை வந்திருக்குன்னா, குடும்பத்துல யாருக்காவது இருந்திருக்கலாமேன்னு தோணுது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். அங்கே மாப்பிள்ளை இல்லை. அப்பாவையும் அத்தையையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வயிற்றுப் புற்றுநோய் வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது பரம்பரையாக வருவதில்லை, மிகச் சில குடும்பங்களில் மட்டும் அப்படி வரும் என்று விளக்கினார். உடம்பின் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க உதவுகிற மரபணு ஒன்று இருக்கிறதாம். பிறக்கும்போதே அதில் பிழை இருந்தால், இரைப்பையின் செல்கள் ஒட்டாமல் கழன்று சுவருக்குள்ளேயே விரவிப் பரவுமாம். கட்டியாகத் திரளாததால் டியூப் விட்டுப் பார்த்தாலும் ஆரம்பத்தில் கண்ணுக்குத் தப்பிவிடலாம். பிழை இருக்கிறவர் எல்லாருக்கும் நோய் வந்தே தீரும் என்றில்லை, ஆனால் ஆபத்து அதிகம். அப்பாவிடமோ அம்மாவிடமோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. தங்கச்சியின் ரத்தத்தை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். படிவத்தில் என் போன் நம்பரைக் கொடுத்தேன்.

"நான் கோவில்பட்டியிலயே சொல்லியிருந்தா பொழைச்சிருப்பாளா டாக்டர்?"

"உறுதியா சொல்ல முடியாது. கொஞ்சம் முன்னால தெரிஞ்சிருக்கும்" என்றார். முதல் வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறேன். இரண்டாவது வாக்கியம் விடமாட்டேன் என்கிறது.

நோய் அதற்குள் எல்லா இடமும் பரவியிருந்தது, ரிசல்ட் வருமுன்னே தங்கச்சி போய்விட்டாள். காலை ஒன்பது மணி இருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"மச்சான், புள்ளைக்குச் சாத்தூர்ப் பக்கம் ஒரு எடம் பேசிட்டிருக்கோம். கேன்சர்னு தெரிஞ்சா பின்வாங்கிருவாக. போஸ்டர்ல மாரடைப்புன்னே போட்டுருவோமா? மாமா போனப்ப நீங்கதான எழுதுனீங்க. நல்லா இருந்துச்சு."

உள்ளதைச் சொல்ல இதைவிட எனக்கு என்ன சந்தர்ப்பம் வேண்டும்? அங்கேயே, அந்த வாசலிலேயே, எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். நான் போனை எடுத்தேன். "திடீர் மாரடைப்பால் எங்களை விட்டுப் பிரிந்தார்" என்று தட்டி, அச்சகத்துக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். வயதையும் உறவையும் மட்டும்தான் மாற்ற வேண்டியிருந்தது. நாங்கள் விளாத்திகுளம் போய்ச் சேருவதற்குள் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் டாக்டர் போன் செய்தார். அந்த மரபணுவில் பிழை இருக்கிறது. "அவங்க பொண்ணுக்குச் சொல்லணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன். நீங்களும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றார். என்னுடையதை முதலில் தெரிந்துகொண்டு அப்புறம் சொல்லலாம் என்று அதையும் ஒரு சாக்காக்கிக்கொண்டேன். ரத்தம் கொடுத்துவிட்டு மூன்று வாரம் காத்திருந்தேன்.

எனக்கு இல்லை.

முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைக்க மாட்டேன், மறைத்ததெல்லாம் போதும். அப்பா செத்த வயதில்தான் நான் இப்போது இருக்கிறேன். எனக்கு இல்லையென்றால் என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் என் வழியாக வர வாய்ப்பே இல்லை. அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். மதியம் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என் மனைவி சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கை இறங்குவதற்குள் கேட்டாள், "அப்ப அந்தப் புள்ளைக்கு?"

சாப்பிடாமல் எழுந்தேன். கடையைத் திறந்து ஃபைலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

தங்கச்சியின் மகளுக்கு இருபத்து மூன்று வயது. ஒரே பிள்ளை. புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். தைத்து வருகிற சட்டைகளில் தையல் கோணியிருக்கிறதா, பட்டன் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டிய வேலை. அம்மாவின் விசேஷம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பியிருந்தாள். என்னைப் பார்த்ததும், "என்ன மாமா, இங்கன வந்துருக்கீய? அப்பாவுக்கு ஒண்ணுமில்லையே?" என்று பதறி வெளியே வந்தாள். கம்பெனி வாசலில் துண்டுத்துணி மூட்டைகள் அடுக்கியிருந்தன. அதில் உட்கார்ந்தோம். ஃபைலைக் கொடுத்தேன். டாக்டர் சொன்னது, அம்மாவின் ரிசல்ட், என் ரிசல்ட், எல்லாம் சொன்னேன். உள்ளே மெஷின்கள் ஓடுகிற சத்தத்தில் சில இடங்களை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், சட்டையைப் பார்ப்பது போலவே, ஓரம் முதற்கொண்டு. தேதியில் விரல் வைத்து நின்றாள்.

"இது அம்மாவுக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முந்தியே உங்களுக்குத் தெரியும்."

"ஆமா தாயி."

"கோயில்பட்டி டாக்டர் கேட்டப்ப நீங்களும் கூட இருந்தீயன்னு அப்பா சொன்னாக."

"இருந்தேன்."

அவள் தாள்களை வரிசை மாறாமல் அடுக்கினாள்.

"தாத்தாவுக்கும் நீங்கதான் எழுதுனீய. அம்மாவுக்கும் நீங்கதான் எழுதுனீய. நான் போனா என்ன மாமா போடுவீய?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் அழுதேன். வாசலில் சுமை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். அவள் சமாதானப்படுத்தவில்லை, எனக்கு அது சரியாகவே பட்டது. உள்ளே போய் லீவு சொல்லிவிட்டுப் பையோடு வந்தாள். "அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் பக்கத்துல நிக்கேன்" என்று சொல்லிப் பைக்கில் ஏறினாள்.

விளாத்திகுளத்துக்குப் போனோம். மாப்பிள்ளை முற்றத்தில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். மோர்ச்சோறு கதையையும் சொன்னேன். அவர் கையிலிருந்த வற்றலைக் கீழே போடாமலே ரொம்ப நேரம் கேட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

"அன்னைக்கே உள்ளதச் சொல்லியிருந்தாலும் நான் அவளத்தான் கட்டியிருப்பேன் மச்சான்" என்றார். "எனக்கு அவளப் பிடிச்சிருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னார். அதற்கப்புறம் இன்றுவரை என் கடைக்கு வரவில்லை. இந்த வருஷம் விதை தூத்துக்குடியில் வாங்கியதாகக் கேள்விப்பட்டேன். சாத்தூர்க்காரர்களுக்கு உள்ளதைச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

போன வாரம் மருமகளை மதுரைக்கு நான்தான் கூட்டிப் போனேன். அவள்தான் வரச் சொன்னாள். டாக்டர் அவளிடம் பொறுமையாகப் பேசினார். பிழை இல்லையென்றால் நிம்மதியாகப் போகலாம். இருந்தால் அடிக்கடி டியூப் விட்டுப் பார்க்க வேண்டும், இதே பிழையால் பெண்களுக்கு மார்பிலும் புற்று வரலாம் என்பதால் அதையும் கவனித்துக்கொள்ள வேண்டும், நோய் வருமுன்னே இரைப்பையை எடுத்துவிடுவதும் உண்டு. "வயிறு இல்லாம எப்படி?" என்று அவள் கேட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிட்டுக்கொண்டு வேலை வெட்டியெல்லாம் பார்க்கலாம், அப்படி இருக்கிறவர்கள் உண்டு என்றார் டாக்டர். அவள் ஒவ்வொன்றையும் போனில் குறித்துக்கொண்டாள். என் தங்கச்சிக்கு யாரும் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

ரத்தம் எடுக்குமுன் ஒரு படிவம் கொடுத்தார்கள். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், எந்த வயதில், எப்படி இறந்தார் என்று கட்டங்கள். அவள் அதை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே எழுதுங்க மாமா."

எழுதினேன். ஓட்டப்பிடாரத்து அத்தை, வயிற்றில் புற்று என்று சந்தேகம். அப்பா, வயிற்றுப் புற்றுநோய். தங்கச்சி, வயிற்றுப் புற்றுநோய். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிவத்தின் அடியில், தகவல் தருபவர் பெயரும் கையெழுத்தும் என்று இருந்தது. போஸ்டரில் குடும்பத்தினர் என்று போட்டுவிட்டு ஒளிந்துகொள்ளலாம். இங்கே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்பாவின் கையெழுத்து மாதிரியே நடுங்கி இருந்தது.

அவள் வாங்கி, ஓரம் முதற்கொண்டு ஒருதரம் பார்த்தாள். சரியாக இருக்கிறது என்பது போல் தலையை ஆட்டிவிட்டு, ரத்தம் கொடுக்க உள்ளே போனாள். ரிசல்ட் வர மூன்று வாரம் ஆகும். இந்தத் தடவை படிவத்தில் அவளுடைய நம்பரைத்தான் கொடுத்திருக்கிறோம்.